பேரப்பிள்ளைகள் வரும் நாள்

ஆடி பிறந்து ஆவணி முடியும்வரை யாழ் குடாநாட்டின் கிராமங்களில் ஒரு புதிய ஆரவாரம் எழுவதை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். ஐரோப்பாவிலும் கனடாவிலும் பாடசாலைகளுக்குக் கோடை விடுமுறை விடப்படும் காலம் அது. ஆண்டு முழுவதும் ஒரு மூதாட்டியின் இருமலும் வானொலியின் ஓசையும் மாத்திரமே கேட்ட வீடுகளில் அப்போது சிறுவர்களின் காலடியோசை கேட்கின்றது. பூட்டிக்கிடந்த அறைகள் திறக்கப்படுகின்றன. நுளம்பு வலைகள் தோய்த்து உலர்த்தப்படுகின்றன. வாசற்படியருகே சின்னஞ்சிறு சப்பாத்துகள் கழற்றி வைக்கப்பட்டிருக்கின்றன. அவ்வழியே செல்பவர்கள் எவரும் விசாரிக்காமலே அறிந்துகொள்கின்றார்கள்: அந்த வீட்டுக்குப் பேரப்பிள்ளைகள் வந்திருக்கின்றார்கள்.

இதே காலத்திலேதான் திருச்சபையும் மூத்த தலைமுறையினரைச் சிறப்பாக நினைவுகூருகின்றது. ஜூலை 26ஆம் திகதி, அன்னை மரியாவின் பெற்றோரும் ஆண்டவர் இயேசுவின் தாத்தா பாட்டியருமாகிய புனித சுவக்கீன், புனித அன்னம்மாள் ஆகியோரின் திருநாளாகும். இவர்களுடைய பெயர்கள் விவிலியத்தில் இடம்பெறவில்லை. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த 'யாக்கோபின் முதல் நற்செய்தி' எனப்படும் பழைய நூலின் வழியாகவே அவை எமக்குக் கிடைத்துள்ளன. எனினும் இறைமக்களின் அன்பு அவர்களை மறக்கவில்லை. கற்பிட்டிக் குடாநாட்டிலுள்ள தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்திலே இதே பருவத்தில் நடைபெறும் பெருவிழாவுக்கு மொழி வேறுபாடின்றி மக்கள் திரளுவது அதற்குச் சான்றாகும்.

பெருந்தொற்றினால் முதியோர் தனிமைப்பட்டுக் கிடந்த 2021ஆம் ஆண்டிலே, திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்குமான உலக தினத்தை ஏற்படுத்தினார். ஆண்டுதோறும் ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறன்று அது கொண்டாடப்படுகின்றது. அந்த நாளிலே ஆலயங்களில் முதியோருக்கு மாலை அணிவிக்கின்றோம், மன்றாட்டுகள் எழுப்புகின்றோம். அவை யாவும் நல்லவையே. ஆனால் எம்மிடையே வாழும் அநேக அம்மம்மாக்களின் உள்ளத்திலுள்ள கேள்வி வேறொன்று. பல்லாயிரம் மைல்களுக்கு அப்பாலிருந்து வரும் இந்தப் பிள்ளைகள் ஒருநாளோ இரண்டு நாள்களோ மாத்திரமே என்னுடன் இருக்கப் போகின்றார்கள். நான் பேசுவது அவர்களுக்குப் பாதிதான் விளங்கும். அந்தச் சொற்ப நேரத்தில் நான் அவர்களுக்கு எதைக் கொடுக்க முடியும்?

ஒரு மூதாட்டியின் ஒரு நாள்

சில ஆண்டுகளுக்கு முன்னர் வலிகாமத்துக் கிராமமொன்றைச் சேர்ந்த 72 வயதுடைய ஒரு தாயார், ஞாயிறு திருப்பலி முடிந்தபின் ஆலய வாசலில் நின்று, தமது பேரப்பிள்ளைகளுடன் கழித்த ஒரு நாளைப் பற்றிக் கூறினார். அவருடைய மகள் பாரிஸ் நகரில் வாழ்பவர். மூன்று வாரப் பயணத்தில் மருமகனின் உறவினர் வீடுகள், திருகோணமலைக் கடற்கரை, மடுத்திருப்பதி, கொழும்பில் கொள்முதல் என ஒவ்வொரு நாளுக்கும் ஒரு திட்டம் இருந்தது. காணி உறுதி தொடர்பான அலுவலாகப் பெற்றோர் இருவரும் காலையிலேயே நகருக்குச் சென்று மாலையில் திரும்பிய அந்த ஒரு நாளில் மாத்திரம் ஏழு வயதுப் பேத்தியும் நான்கு வயதுப் பேரனும் அம்மம்மாவின் பொறுப்பில் விடப்பட்டனர்.

அந்நாளுக்காக அவர் முன்கூட்டியே ஆயத்தம் செய்திருந்தார். நகரத்துக் கடையிலே ஓர் அரிவரிப் புத்தகம் வாங்கி வைத்திருந்தார். அன்றைக்குள் பிள்ளைகளுக்குச் சில எழுத்துகளையாவது கற்பித்துவிட வேண்டும், செபங்களைத் தமிழிலே சொல்லக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

நடந்ததோ வேறு. காலையில் அவர் அரிசிமாவைக் குழைத்துப் புட்டு அவிக்கத் தொடங்கியதுமே பேத்தி அருகில் வந்து குந்திக்கொண்டாள். பாரிஸில் தாயார் புட்டு அவிப்பது உலோகக் குழலிலே. இங்கே பனையோலையால் இழைத்த நீத்துப்பெட்டியிலிருந்து ஆவி எழுவதை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். அந்தப் பெட்டியைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முகர்ந்து, அதைத் தன்னுடன் கொண்டுபோகலாமா எனக் கேட்டாள். கிணற்றடியிலே பேரனுக்கு முதல் வாளித் தண்ணீரை வார்த்தபோது அவன் குளிரில் கூச்சலிட்டான். இரண்டாம் வாளிக்குத் தானாகவே தலையை நீட்டினான். மூன்றாவது வாளியை அவன் அம்மம்மாவின் மேலேயே ஊற்றிவிட்டான். இதைக் கூறும்போது அந்தத் தாயார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மதியத்துக்குப் பின் பனங்காய்ப் பணியாரம் சுடுவதற்காகப் பழத்தைப் பிசைந்து களி எடுத்தபோது பிள்ளைகள் இருவரும் முழங்கைவரை மஞ்சளாகினர். இடையிலே சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தைக் காட்டிப் பேத்தி தனக்குத் தெரிந்த தமிழிலே கேட்டாள்.

"அம்மம்மா, இது ஆர்?"

அது அவருடைய கணவரின் படம். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் தம் வீடு வாசல்களை விட்டு ஒரே இரவில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்த அந்தத் துயரத்தை எம்மவர் எவரும் மறக்கவியலாது. அந்த இடப்பெயர்விலே நோய்வாய்ப்பட்டு மரித்தவர் அவர். எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது எனத் தாயார் ஒரு கணம் தயங்கினார்.

"அது உன்ரை அம்மப்பா, பிள்ளை. வாசல்லை நிக்கிற மாமரம் அவர் வைச்சது. உன்ரை அம்மா பிறந்த வருசம் வைச்சவர்."

பிள்ளைகள் இருவரும் உடனே ஓடிச்சென்று, காய்த்து ஓய்ந்து நின்ற அந்தக் கறுத்தக்கொழும்பான் மரத்தின் அடியைக் கட்டிப்பிடித்தார்கள். இருவரின் கைகளும் சேர்ந்தும் அந்த மரத்தைச் சுற்றி எட்டவில்லை.

மாலையில் சுரூபத்துக்கு முன்பாக விளக்கேற்றிச் செபமாலை சொல்ல அமர்ந்தபோது, அம்மம்மா மங்களவார்த்தைச் செபத்தின் முற்பகுதியைத் தமிழிலே சொல்லி நிறுத்தினார். பேத்தி பிற்பகுதியைப் பிரெஞ்சு மொழியில் சொல்லி முடித்தாள். ஒரு சொல்லும் விளங்காவிட்டாலும், தாம் எங்கே நிறுத்தினாரோ அங்கேயே அவள் தொடங்கினாள் என்பது அவருக்கு விளங்கியது. பெற்றோர் திரும்பி வந்தபோது பேரன் அம்மம்மாவின் மடியிலே உறங்கிப்போயிருந்தான்.

"நான் ஒண்டும் படிப்பிக்கேல்லை, சுவாமி. வாங்கின புத்தகம் மேசையிலை அப்பிடியே கிடக்குது" என்றார் அந்தத் தாயார். குரலிலே சிறிது கவலையும் முகத்திலே பெரும் மகிழ்ச்சியும் இருந்தன.

அன்பார்ந்த வாசகர்களே, அவர் உண்மையில் ஒன்றும் கற்பிக்கவில்லையா? விவிலியத்தின் ஒளியிலே இதனைச் சிந்தித்துப் பார்ப்போம்.

அந்நிய மண்ணில் பிறந்த பேரப்பிள்ளைகள்

தாத்தா பாட்டியரையும் பேரப்பிள்ளைகளையும் பற்றி விவிலியம் தரும் முக்கியமான காட்சிகளைக் கூர்ந்து நோக்கினால் வியப்பான ஓர் உண்மை புலப்படும். அப்பேரப்பிள்ளைகளிற் பலர் அந்நிய மண்ணில் பிறந்தவர்கள். அல்லது பெற்றோரில் ஒருவர் வேற்றினத்தவராய் இருக்கக் கண்டவர்கள்.

தொடக்கநூலின் 48ஆம் அதிகாரத்திலே முதுமையடைந்த யாக்கோபைச் சந்திக்கின்றோம். பஞ்சத்தினால் தாயகத்தை விட்டு எகிப்துக்குச் சென்று, அங்கே 17 ஆண்டுகள் வாழ்ந்து முடித்தவர் அவர். கண்பார்வை மங்கிவிட்டது. யோசேப்பு தம் புதல்வர்களான மனாசேயையும் எப்ராயிமையும் அழைத்து வருகின்றார். அவர்கள் எகிப்திலே பிறந்தவர்கள். அவர்களுடைய தாய் எகிப்தியக் குரு ஒருவரின் மகள். கானான் நாட்டை அவர்கள் அறியார். இவர்கள் யாவர் என்று யாக்கோபு வினவுகின்றார். பின்னர் அவர்களை அருகே அழைத்து, முத்தமிட்டு, அரவணைத்துக்கொள்கின்றார். யோசேப்பையே மீண்டும் காண்போம் என்று எண்ணியிராத தமக்கு அவருடைய பிள்ளைகளையும் காணும் பேறு கிடைத்ததே என்று அகமகிழ்கின்றார். தம் சொந்தப் புதல்வர்களான ரூபனையும் சிமியோனையும் போலவே இவ்விருவரும் தமக்குரியவர்கள் என அறிவிக்கின்றார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. யாக்கோபு அவர்களைச் சோதித்துப் பார்க்கவில்லை. எம் முன்னோரின் மொழியை அறிவீர்களா, எம் வழக்கங்களைக் கைக்கொள்கின்றீர்களா என்று கேட்கவில்லை. முதலில் அணைத்தார்; அதன் பின்னரே அவர்களின் தலைமீது கைகளை வைத்து ஆசி வழங்கினார். அவ்வாறு வைக்கும்போது வலக்கையை இளையவன்மீதும் இடக்கையை மூத்தவன்மீதும் மாற்றி வைத்தார். யோசேப்பு அதைத் திருத்த முயன்றபோது, தாம் செய்வதைத் தாம் அறிவதாகக் கூறி மறுத்துவிட்டார். பெற்றோரின் கண்களுக்குப் புலப்படாத ஒன்று, பார்வை மங்கிய பாட்டனாருக்குப் புலப்பட்டது.

அடுத்து, நகோமியை எண்ணிப் பாருங்கள். பெத்லகேமில் பஞ்சம் வந்தபோது குடும்பத்துடன் மோவாபு நாட்டுக்குப் புலம்பெயர்ந்து, அங்கே கணவனையும் இரு புதல்வர்களையும் பறிகொடுத்தவர் அவர். தம் பெயரைக்கூட 'கசப்பு' எனப் பொருள்படும் மாரா என்று மாற்றிக்கொள்ள விரும்பியவர். அத்தகைய நகோமியின் மார்பிலே, மோவாபியப் பெண்ணான ரூத்து ஈன்ற ஓபேது என்னும் குழந்தை வைக்கப்படுகின்றது. அவரே அக்குழந்தையைப் பேணி வளர்க்கின்றார். நகோமிக்கே ஒரு மகன் பிறந்துள்ளான் என்று அயலிலுள்ள பெண்கள் கொண்டாடுகின்றார்கள். இரத்த உறவின்படி ஓபேது அவருடைய பேரனே அல்லன் என்பதை மறந்துவிடலாகாது. அந்தக் குழந்தையே பின்னர் தாவீது அரசரின் பாட்டனார் ஆகின்றார்.

மூன்றாவதாக, திமொத்தேயுவின் பாட்டி லோயி. திமொத்தேயுவின் தாய் யூதப்பெண், தந்தையோ கிரேக்கர். லிஸ்திரா என்னும் புறவினத்தார் நகரிலே வளர்ந்த இந்த இளைஞரின் நம்பிக்கை முதலில் அவருடைய பாட்டியிடமும் பின்னர் தாயிடமும் குடிகொண்டிருந்ததைத் திருத்தூதர் பவுல் திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் மடலின் தொடக்கத்திலேயே நினைவூட்டுகின்றார். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் 'பாட்டி' என்னும் சொல் இடம்பெறுவது இந்த ஓரிடத்தில் மாத்திரமே.

மொழியும் மண்ணும் மாறும் இடங்களிலேயே இறைவன் தாத்தா பாட்டியரைப் பாலமாக அமைக்கின்றார் என்பது இம்மூன்று வரலாறுகளிலிருந்தும் தெளிவாகின்றது. எனவே, பேரப்பிள்ளை பாரிஸில் பிறந்துவிட்டதே, என் மொழியில் ஒரு வசனம் பேச முடியவில்லையே என்று எந்த அம்மம்மாவும் மனமுடைந்து போகத் தேவையில்லை. மொழி வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். தாய்மொழியைக் கற்பிப்பது பெற்றோரின் தலையாய கடமை. அதை ஆண்டில் ஒரு நாளுக்கென அம்மம்மாவின் தலையிலே சுமத்திவிடுவது முறையன்று. ஆனால் அணைப்பு, ஆசி, நினைவு ஆகிய மூன்றும் மொழிக்காகக் காத்திருப்பதில்லை.

கேள்வி பிறக்கும் இடம்

இஸ்ரயேல் மக்கள் யோர்தான் ஆற்றைக் கடந்தபோது, ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்து நாட்டும்படி ஆண்டவர் கட்டளையிட்டார். அதன் காரணத்தை யோசுவா நூலின் 4ஆம் அதிகாரம் கூறுகின்றது. வருங்காலத்தில் பிள்ளைகள் அக்கற்களைப் பார்த்து இவை எதற்காக என்று கேட்பார்கள். அப்போது பெரியவர்கள் விளக்கம் சொல்ல வேண்டும். பிள்ளையின் கேள்வி முதலில் வருகின்றது. பெரியவரின் பதில் பின்னரே வருகின்றது.

பேரப்பிள்ளைகள் வரும் வீடு இத்தகைய கற்கள் நிறைந்த வீடு. நீத்துப்பெட்டியும், கிணற்றுக் கப்பியும், சுவரிலுள்ள படமும், மங்கிய சுரூபமும் பிள்ளைகளைக் கேள்வி கேட்கத் தூண்டுகின்றன. அந்தத் தாயார் புத்தகத்தைத் திறக்கவில்லை. ஆயினும் பேத்தி கேட்ட கேள்விக்குப் பதிலளித்தார். அப்பதிலிலே அவர் சொன்ன விடயம் மேலும் சிந்திக்கத்தக்கது. போரின் கொடுமையைச் சொல்ல அவரிடம் எத்தனையோ இருந்திருக்கும். அது உண்மையானது, உரிய வயதிலே சொல்லப்பட வேண்டியதுமாகும். ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்கு அவர் முதலிலே கொடுத்தது ஒரு மரத்தை. தன் தாய் பிறந்த மகிழ்ச்சியில் அம்மப்பா நட்ட மரம் இது என்னும் அறிவுடன் அந்தப் பிள்ளை பாரிஸுக்குத் திரும்புவாள். நாளை அவள் வளர்ந்து, அம்மப்பா எப்படி இறந்தார் என்று கேட்கும்போது, அவர் எப்படி வாழ்ந்தார் என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

புலம்பெயர்ந்த குடும்பமொன்றில் ஒரு பாட்டியின் பகற்பொழுதுகள் எத்தகைய பலனைத் தரும் என்பதற்கு அண்மைக்கால உதாரணமும் உண்டு. திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களின் குடும்பம் 1929ஆம் ஆண்டு இத்தாலியிலிருந்து ஆர்ஜென்டினாவுக்குக் குடிபெயர்ந்தது. தம்பி பிறந்தபின் சிறுவன் ஜோர்ஜைப் பாட்டி ரோசா காலையில் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று மாலையில் திரும்பக் கொண்டுவந்து விடுவார். பாட்டியின் வீட்டிலே பேசப்பட்ட பியெட்மொன்ட் வட்டார மொழியை அவர் அவ்வாறுதான் கற்றார். செபிக்கக் கற்றதும் பாட்டியிடமே. 2013ஆம் ஆண்டு திருத்தந்தையான பின்னரும் அவர் தம் மறையுரைகளில் பாட்டியின் சொற்களை நினைவுகூர்ந்தார். பாட்டி எழுதிக் கொடுத்த ஒரு தாளைத் தம் செபப் புத்தகத்தினுள் பேணி வைத்திருந்தார். 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி அவர் இறைவனடி சேரும்வரை முதியோருக்காக ஓயாது குரல் கொடுத்தமைக்கு அந்தப் பாட்டியின் வீடு ஒரு காரணமாயிருந்தது எனலாம்.

நாம் செய்யக்கூடியவை

புலத்திலிருந்து வரும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பயண ஒழுங்கிலே ஒரு முழு நாளைப் பிள்ளைகளுக்கும் அவர்களின் தாத்தா பாட்டியருக்கும் என்று ஒதுக்கிவிடுங்கள். விருந்தினரையும் கைத்தொலைபேசியையும் அன்று தள்ளி வையுங்கள். நீங்களும் சற்று விலகியிருங்கள். நீங்கள் அருகிலிருந்து ஒவ்வொரு சொல்லையும் மொழிபெயர்க்கும்வரை பிள்ளை உங்கள் முகத்தையே பார்க்கும். நீங்கள் இல்லாதபோதுதான் அம்மம்மாவின் முகத்தைப் பார்க்கும்.

தாத்தா பாட்டியருக்கும் ஒரு வார்த்தை. அந்த நாளைக் குறைகூறுதலிலே கழித்துவிடாதீர்கள். பிள்ளை கையால் உண்ணவில்லை, தமிழ் பேசவில்லை, முழந்தாளிடத் தெரியவில்லை என்னும் முறைப்பாடுகள் பிள்ளையைத் திருத்துவதில்லை. அதன் பெற்றோரைக் கூசச் செய்யும், அவ்வளவுதான். சமைத்து முடிப்பதிலேயே நாளைச் செலவிடவும் வேண்டாம். அவர்களோடு சேர்ந்து சிரியுங்கள். அவர்கள் புறப்படுமுன் நெற்றியிலே சிலுவை அடையாளமிட்டு ஆசீர்வதியுங்கள். அதற்கு மொழி தேவையில்லை.

பயணம் முடிந்தபின்னும் இத்தொடர்பு அறுந்துவிடலாகாது. கிழமைக்கு ஒருமுறை தொலைபேசித் திரையிலே முகம் பார்த்துப் பேசும் வசதி இன்று அநேக வீடுகளுக்கு எட்டியுள்ளது. அந்நேரத்திலே ஒரு பத்து மணிச் செபமாலையை இருமொழியில் சேர்ந்து சொல்வது கடினமான காரியமன்று.

இறுதியாக, எவருமே வராத வீடுகளை நாம் மறந்துவிடலாகாது. அகதி அந்தஸ்துப் பெற்றதனால் தாயகம் திரும்ப முடியாத பிள்ளைகள் உண்டு. பயணச்செலவுக்கு வழியற்ற குடும்பங்கள் உண்டு. போரிலே பிள்ளைகளை இழந்து, பேரப்பிள்ளை என்னும் உறவையே காணாத தாய்மாரும் தந்தையரும் எம் பங்குகள்தோறும் உள்ளனர். அயல்வீட்டுப் பிள்ளைகளின் கூச்சலைக் கேட்கும்போது அவர்களின் உள்ளம் படும் பாட்டை யார் அறிவார்? நகோமியின் மார்பில் வைக்கப்பட்ட குழந்தை அவருடைய இரத்தமன்று. அயலிலுள்ள பெண்கள்தாம் அக்குழந்தையை அவருக்குரியதாக அறிவித்தார்கள். அந்த அயலவரின் பணி இன்று எமக்குரியது. உங்கள் பிள்ளைகளை ஒரு மாலைப்பொழுது அந்த வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். சுவரிலுள்ள படங்களைப் பற்றி அவர்கள் கேள்வி கேட்கட்டும். பணியாரத்தில் ஒரு பங்கை அவர்கள் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள்.

முதுமையிலும் கனிதரும் மரங்களாய் எம் மூத்தோரை நிலைநிறுத்தும் இறைவன், தொலைவிலுள்ள பேரப்பிள்ளைகளையும் அவர்களுக்காகக் காத்திருக்கும் இல்லங்களையும் ஆசீர்வதிப்பாராக. புனித சுவக்கீனும் புனித அன்னம்மாளும் எமக்காக வேண்டிக்கொள்வார்களாக.